நடுத் துளை காலி

2020 ஆகஸ்ட் மாதம். சென்னை ரிச்சி தெருவில் கொரோனாவால் கடைகள் திறந்தும் திறக்காமலும் இருந்த நேரம். ஷட்டரை இடுப்பளவுக்கு ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். ஆட்டோவிலிருந்து ஒரு பெரியவர் இறங்கினார். மடியில் வைத்தே கொண்டுவந்த சிபியுவை அப்படியே அணைத்துத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தார். நம் ஊரில் பெட்டி முழுவதற்கும் சிபியு என்றுதானே பெயர். வெள்ளையாக இருந்து பழுப்பேறிப்போன கேபினட். முகப்பில் மூன்று சந்தனப் பொட்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வைத்துவைத்துப் பிளாஸ்டிக்கோடு இறுகிப்போயிருந்தது.

“தம்பி, உள்ள என்ன வேணாலும் மாத்துங்க. பெட்டிய மட்டும் மாத்தாதீங்க. பொண்ணு காலேஜ்ல சேர்ந்தப்ப வாங்கினது. இப்போ பேத்திக்கு ஆன்லைன் கிளாஸ்.”

பக்கத் தகட்டைக் கழற்றினேன். 2002 வாக்கில் பூட்டிய பென்டியம் 4. போர்டில் நாலைந்து கெப்பாசிட்டர்கள் தலை உப்பிக் கசிந்திருந்தன. அந்தக் காலத்துப் போர்டுகள் பலவற்றுக்கும் வந்த நோய் அது. போர்டு போச்சு, மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸும் போச்சு. இரும்பு மட்டும் கல் மாதிரி நின்றது. புதிய போர்டை எடுத்து, உள்ளே இருந்த பித்தளை ஸ்டட்களின்மேல் வைத்தேன். துளைக்குத் துளை சரியாக உட்கார்ந்தது.

சிக்கல் முகப்பிலிருந்து தொங்கிய கம்பிக் கொத்தில் இருந்தது. ‘பவர் எல்இடி’ என்று எழுதிய பிளக்கைப் பிடித்துப் பார்த்தேன். மூன்று துளை. போர்டில் அதற்கு இரண்டே பின்.

“பொருந்தலையா தம்பி?”

“பொருந்த வெச்சிடலாம் சார். பத்து நிமிஷம் உக்காருங்க.”

அந்தப் பத்து நிமிஷ வேலைக்குப் பின்னால் முப்பத்தாறு வருஷக் கதை இருக்கிறது. அதில் பெரும்பங்கு என் கைவழியாகப் போயிருக்கிறது. எழுதி வைக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

நான் திண்டிவனத்திலிருந்து மெட்ராஸுக்கு வந்தது 1993இல். பிளஸ் டூ முடித்த கையோடு மாமா ஒருவர் கொண்டுவந்து விட்டார். அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் திரும்பினால் ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை என்று ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு கிடக்கும். ரேடியோ சாமான், ஸ்பீக்கர், டேப் ரிக்கார்டர் ஹெட் விற்ற கடைகளுக்கு நடுவே கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடைகள் முளைத்துக்கொண்டிருந்தன. கொஞ்ச தூரத்தில் புதுப்பேட்டை. அங்கே வண்டிகளைக் கழற்றிப் பூட்டினார்கள், இங்கே நாங்கள் கம்ப்யூட்டரைக் கழற்றிப் பூட்டினோம். என்னைச் சேர்த்துக்கொண்டவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். ரேடியோ மெக்கானிக்காகத் தொடங்கியவர். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. கம்பியைத் தொட்டுத் தொடர்ந்து போய்ப் பார்த்தே எல்லாம் தெரிந்துகொண்டார்.

முதல் வாரம் முழுக்க எனக்குக் கொடுத்த வேலை, காலி கேபினட்டுகளின் முகப்புக் கம்பிகளைப் பிரித்து, எது எங்கே போகிறது என்று சொல்வது. அப்போதைய கேபினட் முகப்பில் இன்று இருப்பதைவிடச் சமாசாரம் அதிகம். பவர் சுவிட்ச், ரீசெட், டர்போ பட்டன், டர்போ விளக்கு, ஹார்டு டிஸ்க் விளக்கு, பவர் விளக்கு, மெகாஹெர்ட்ஸ் காட்டும் எண் பலகை. இவ்வளவும் போதாதென்று ஒரு பூட்டு. உருண்டைச் சாவி போடுகிற நிஜமான பூட்டு.

மூன்று துளையின் கதை அந்தப் பூட்டில்தான் தொடங்குகிறது.

ஐபிஎம் தன் முதல் பிசியை 1981 ஆகஸ்டில் வெளியிட்டது. அதில் பூட்டு கிடையாது. 1984 ஆகஸ்டில் வந்த ஏடி என்ற மாடலில்தான் முகப்பில் சாவித் துளை வந்தது. அலுவலகத்தில் பத்துப் பேர் நடமாடும் இடத்தில் கம்ப்யூட்டர் இருக்கும், எழுந்து போகும்போது பூட்டிவிட்டுப் போகலாம் என்ற எண்ணம். சாவியைத் திருப்பினால் கீபோர்டில் எதைத் தட்டினாலும் மெஷின் கண்டுகொள்ளாது. அந்தப் பூட்டின் கம்பியையும் பவர் விளக்கின் கம்பியையும் ஐபிஎம் ஒரே பிளக்கில் சேர்த்தது. வரிசையாக ஐந்து பின். முதலாவது விளக்குக்குப் போகும் பிளஸ், மூன்றாவது அதன் கிரவுண்டு, நான்காவது பூட்டு, ஐந்தாவது பூட்டின் கிரவுண்டு. இரண்டாவது பின்னைக் காலியாக விட்டார்கள். பிளக்கைத் திருப்பிச் செருகிவிடக் கூடாது என்பதற்கான அடையாளம் அது.

ஐபிஎம் தன் மெஷினின் தொழில்நுட்பக் கையேட்டைச் சர்க்யூட் படத்தோடு விற்பனைக்கே வைத்தது. அதைப் பார்த்துப் பிறர் செய்த மெஷின்கள்தான் நாங்கள் பூட்டிய அசெம்பிள்டு கம்ப்யூட்டர்களின் முன்னோர். போர்டு செய்தவர்களும் கேபினட் செய்தவர்களும் அந்த ஐந்து பின் வரிசையை அச்சு மாறாமல் எடுத்துக்கொண்டார்கள். பூட்டு வேண்டாம் என்று விட்ட கேபினட்காரர்கள் ஐந்து துளைப் பிளக்கின் வாலை வெட்டினார்கள். மிச்சம் மூன்று துளை. முதலில் ஒரு கம்பி, மூன்றாவதில் ஒரு கம்பி, நடுத் துளை காலி. பூட்டு போய்ப் பல காலம் ஆன பிறகும் 2002இல் செய்த ஒரு கேபினட்டில் அந்தக் காலித் துளை இருந்தது. இன்றும் புதுக் கேபினட்டுகள் சிலவற்றில் இருக்கிறது.

அந்தப் பூட்டை உண்மையிலேயே பயன்படுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். டிடிபி வேலை செய்த ஓர் அண்ணன் மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது பூட்டிச் சாவியை அரைஞாணில் கோத்துக்கொள்வார். கல்யாணப் பத்திரிகை பாதியில் நிற்கும், யாராவது கைவைத்துவிட்டால் அத்தனை எழுத்தும் குலையும். அவருக்கு அந்தப் பூட்டு அவசியம். எங்களுக்கோ அது தலைவலி. பிளக்கைத் தப்பாகச் செருகிவிட்டால் பூட்டாத பூட்டு பூட்டியதாக ஆகிவிடும். கீபோர்டு பூட்டியிருக்கிறது என்று திரையில் வரும். புதுப் பையன்கள் கீபோர்டை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். பாய் பக்கத்தில் வந்து நின்று, “முதல்ல கம்பியப் பாரு, அப்புறம் காசப் பாரு” என்பார்.

டர்போவைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் ஐபிஎம் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அந்த வேகத்தையே கணக்காக வைத்து எழுதிய பழைய விளையாட்டுகள் வேகமான மெஷினில் கண்மண் தெரியாமல் ஓடின. அதனால் வேகத்தைக் குறைப்பதற்கு ஒரு பட்டன் வைத்தார்கள். அதற்குப் பெயர்தான் டர்போ. எண் பலகையில் 33 என்றும் 66 என்றும் பச்சையாக எரிவதைப் பார்க்கவே வாடிக்கையாளர் வருவார்கள். அந்தப் பலகை எதையும் அளக்கவில்லை. பின்னால் இருந்த குட்டி ஜம்பர்களை நாங்கள் எப்படி வைத்தோமோ அந்த எண்தான் எரியும். போர்டை மாற்றிக் கொடுக்கும்போது இந்த ஜம்பர்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி வைக்க வேண்டும். உள்ளே இல்லாத வேகத்தை வெளியே காட்டும்படி பாய் ஒருநாளும் சொன்னதில்லை. அதை நான் மறக்க மாட்டேன்.

பென்டியம் வந்ததும் டர்போவுக்கு வேலை இல்லாமல் போனது. பட்டனும் விளக்கும் கம்பியும் மட்டும் கேபினட்டில் நின்றன. நாங்கள் அவற்றை வீணடிக்கவில்லை. டர்போ விளக்கின் கம்பியை ஹார்டு டிஸ்க் விளக்குக்குக் கொடுத்தோம். ரீசெட் பட்டன் உடைந்த பெட்டியில் டர்போ பட்டனின் சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அழுத்தினால் திரும்பி வரும் சுவிட்சைச் சால்டர் செய்து பூட்டினோம்.

இது எல்லாமே எப்படிச் சாத்தியமானது என்றால், ஒரே ஓர் அளவு மாறவில்லை. பின்னுக்கும் பின்னுக்கும் இடைவெளி 2.54 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. 1981 போர்டிலும் அதுதான், நேற்று வந்த போர்டின் முகப்புப் பின்களிலும் அதுதான். ரிச்சி தெருவில் இதைப் பெர்க் பின் என்போம், நீளமாக வருவது பெர்க் ஸ்ட்ரிப். பெர்க் என்பது இந்த வகைக் கனெக்டர்களைச் செய்த அமெரிக்கக் கம்பெனியின் பெயர். பிற்பாடு அது டூபாண்ட் கம்பெனியின் கையில் இருந்தது. அதனால்தான் இப்போது காலேஜ் பிள்ளைகள் புராஜெக்டுக்கு வாங்க வரும்போது அதையே டூபாண்ட் வயர் என்று கேட்கிறார்கள். இரண்டும் ஒரே குடும்பம். வரிசை மாறும், எண்ணிக்கை மாறும், பெயர் மாறும். இடைவெளி மாறாத வரைக்கும் பழைய கம்பி புதுப் பின்னில் ஏறும்.

அந்தக் காலத்தில் பயந்து செய்த வேலையும் உண்டு. ஏடி கேபினட்டில் பவர் சுவிட்சுக்குப் போகும் கம்பி போர்டிலிருந்து வராது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கறுப்பு, வெள்ளை, நீலம், பழுப்பு என்று நாலு கம்பி தடித்த உறைக்குள் முகப்புவரை வரும். அதில் ஓடுவது சுவரிலிருந்து வரும் 230 வோல்ட். நாலு தகட்டில் நாலு கம்பியை மாற்றிச் செருகிவிட்டால் நேராக ஷார்ட். உறை விலகியிருந்தால் தொட்டவன் கை போகும். போர்டுக்குப் போகும் மின்சாரமும் ஆறு ஆறு கம்பியாக இரண்டு பிளக்கில் வரும். இரண்டும் ஒரே வடிவம், இடம் மாறிப் போட்டால் போர்டு கருகும். இரண்டு பிளக்கின் கறுப்புக் கம்பிகளும் நடுவில் ஒன்றையொன்று ஒட்டி நிற்க வேண்டும். “கறுப்பும் கறுப்பும் கட்டிப் பிடிக்கணும்” என்பது பாய் சொல்லிக்கொடுத்த வாய்ப்பாடு. ஸ்விட்ச் போடுவதற்கு முன் அதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வார்.

1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் அளவை வெளியிட்டது. எங்கள் தெருவில் அது பரவலாகப் புழங்க இன்னும் மூன்று நாலு வருஷம் ஆனது. பவர் சுவிட்சைச் சுவர் மின்சாரத்திலிருந்து விடுவித்ததுதான் அதில் நான் பெரிதாக நினைக்கும் காரியம். இனிமேல் பட்டன் செய்ய வேண்டியது இரண்டு பின்களை ஒரு கணம் தொடவைப்பது மட்டும். போர்டு பச்சைக் கம்பி வழியாக எஸ்எம்பிஎஸ்ஸை எழுப்பிக்கொள்ளும். 230 வோல்ட் பெட்டியின் பின்பக்கத்தோடு நின்றுவிட்டது. எத்தனை பையன்களின் கை பிழைத்தது என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

ஆனால் கையில் ஏடி கேபினட் வைத்துக்கொண்டு புதுப் போர்டு கேட்டவர்கள் இருந்தார்கள். கேபினட் அப்போது மலிவான சாமான் கிடையாது. பின் தகட்டில் ஏடிக்குக் கீபோர்டு ஓட்டை ஒன்றுதான். ஏடிஎக்ஸுக்கு நீளச் செவ்வகம் வேண்டும். தகட்டை அறுத்து, அரம் போட்டுக் கொடுத்திருக்கிறோம். பவர் பட்டன்தான் இடைஞ்சல். பழையது ஒருமுறை அழுத்தினால் உள்ளேயே நிற்கும், புதுப் போர்டுக்கோ அழுத்தியதும் திரும்பி வர வேண்டும். உள்ளேயே நின்றால் நாலு வினாடியில் மெஷின் அணைந்துவிடும். அதனால் ரீசெட் பட்டனின் பிளக்கைப் பிடுங்கிப் பவர் பின்னில் போட்டோம். அன்று தொடங்கிய அந்த வைத்தியம் இன்றுவரை நடக்கிறது. பவர் பட்டன் தேய்ந்துபோன எந்தப் பெட்டி வந்தாலும் ரீசெட் பட்டன்தான் பவர் பட்டன். வாடிக்கையாளரிடம் சொல்லி, பட்டனுக்குப் பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக் கொடுப்பேன்.

ஏடிஎக்ஸ் போர்டின் துளைகளையும் பின்பக்கச் செவ்வகத்தையும் கட்டிப்போட்டது. முகப்புக் கம்பிகளை அந்த அளவுக்குக் கட்டவில்லை. ஒரு போர்டில் பவர் சுவிட்ச் இடது ஓரம், இன்னொன்றில் வலது. ஒன்றில் ஒற்றை வரிசை, இன்னொன்றில் இரட்டை. கையேடு தொலைந்துவிட்டால் போர்டின்மேல் அச்சிட்ட எறும்பளவு எழுத்தை டார்ச் அடித்துத்தான் படிக்க வேண்டும். இன்டெல் பிறகு முகப்புக் கம்பிகளுக்கென்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து இடம், ஒரு மூலையில் மட்டும் பின் இருக்காது. ஒரு வரிசையில் ஹார்டு டிஸ்க் விளக்கும் ரீசெட்டும். அடுத்த வரிசையில் பவர் விளக்கும் பவர் சுவிட்சும். மற்றக் கம்பெனிகளும் பெரும்பாலும் இந்த வரிசைக்கே வந்து சேர்ந்தன. அந்தப் பத்தில் ஒன்று குறைந்த பின்களை இருட்டில்கூட என் விரல் அடையாளம் கண்டுகொள்ளும்.

இந்த ஏற்பாட்டில் பவர் விளக்குக்கு ஒட்டினாற்போல இரண்டே பின். 1984இன் மூன்று துளைக்கு இடமில்லை. இன்டெல் தன் சொந்தப் போர்டுகளில் இதை மறக்கவில்லை. பக்கத்திலேயே தனியாக மூன்று இடமுள்ள இன்னொரு பின் வரிசை வைத்தது, நடுவில் இணைப்பு இல்லாமல். பழைய கேபினட் வைத்திருப்பவர் அதில் செருகிக்கொள்ளலாம். பழையவருக்கும் ஒரு நாற்காலி போட்டு வைக்கிற அந்த மரியாதை எனக்கு எப்போதும் பிடிக்கும். 2013இல் இன்டெல் டெஸ்க்டாப் போர்டு செய்வதை விடப்போவதாக அறிவித்தபோது நான் முதலில் நினைத்தது அந்த மூன்று பின்னைத்தான்.

அப்படியொரு நாற்காலி இல்லாத போர்டில் என்ன செய்வது? பெரியவரின் பெட்டியில் நான் செய்ததையே சொல்கிறேன்.

பிளக்கைத் திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு துளைக்கும் மேல் ஒரு சின்ன ஜன்னல், ஜன்னலின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். உள்ளே கம்பியின் நுனியில் கவ்வியிருக்கும் உலோகக் கூட்டை அந்த நாக்குதான் வெளியே வராமல் தடுக்கிறது. தையல் ஊசியின் நுனியை நாக்கின் கீழே கொடுத்து மயிரிழை உயரம் தூக்க வேண்டும். கூடத் தூக்கினால் நாக்கு ஒடியும், ஒடிந்தால் அந்தத் துளைக்குப் பிறகு பிடிமானம் இல்லை. தூக்கியபடியே மறுகையால் கம்பியை இழுத்தால் கூடு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். மூன்றாவது துளையிலிருந்து எடுத்ததை நடுத் துளையில், அதன் சமமான முகம் நாக்கைப் பார்க்காதபடி வைத்துத் தள்ளினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். காதுக்கு அது கேட்காது, விரலுக்குத்தான் கேட்கும். அதோடு வேலை முடியவில்லை. காலியான மூன்றாவது துளை அடுத்த பின்னின்மேல் உட்காரும், அது பவர் சுவிட்சின் இடம். அதனால் பிளேடு வைத்து அந்த ஓரத்தை வெட்டிவிட வேண்டும். வெட்டிய முகத்தை மணல்தாளில் ஒரு தேய்ப்பு.

பிளஸ் எது மைனஸ் எது என்று சந்தேகம் வந்தால் பயம் வேண்டாம். பெரும்பாலும் கறுப்போ வெள்ளையோ மைனஸ். விளக்கைத் திருப்பிப் போட்டால் எரியாது, அவ்வளவுதான். சுவிட்சுகளுக்குப் பக்கமே கிடையாது, எப்படிப் போட்டாலும் வேலை செய்யும்.

யுஎஸ்பி அப்படி மன்னிக்காது.

2003இல் நடந்தது. அப்போது நான் தனியாகக் கடை வைத்து இரண்டு வருஷம். கேபினட் முகப்பில் யுஎஸ்பி துளை வைத்து வரத் தொடங்கியிருந்தது, ஆனால் இப்போது வருவதுபோல ஒரே கட்டியான பிளக்கில் வராது. ஒவ்வொரு கம்பியும் தனித்தனி ஒற்றைத் துளைப் பிளக்கில் எட்டுக் கம்பி. சிவப்பு 5 வோல்ட், வெள்ளையும் பச்சையும் தகவல், கறுப்பு கிரவுண்டு. போர்டில் இரண்டு வரிசை. இரண்டு வரிசையும் ஒரே திசையில் ஓடும் என்று நான் பழகியிருந்தேன். அன்று வந்த போர்டில் இரண்டாவது வரிசை எதிர்த் திசையில் ஓடியது. அந்தக் காலத்தில் சில போர்டுகள் அப்படியும் வந்தன. கையேட்டில் படம் இருந்தது. நான் பார்க்கவில்லை. பத்துப் பெட்டி காத்திருக்கிறது என்ற அவசரம்.

அந்த மெஷினை வாங்கியது ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு பெண். கடையிலேயே ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று தன் பென் டிரைவை எடுத்து முகப்பில் செருகினார். 128 எம்பி, அன்றைக்கு அதுவே பெரிய பொருள். இரண்டு மூன்று வினாடியில் கருகல் வாடை வந்தது. பிடுங்குவதற்குள் கையில் பிடிக்க முடியாத சூடு. ஆய்வேட்டின் மூன்று அத்தியாயம் அதில் இருந்தது. நெறியாளரிடம் கொடுத்த பழைய அச்சுப்படியிலிருந்து ஒன்றரை அத்தியாயத்தை மீட்டுத் தெரிந்த டிடிபி கடையில் நானே காசு கொடுத்துத் தட்டச்சு செய்யவைத்தேன். மீதியை அவர் மறுபடி எழுதினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. “அண்ணா, இனிமே மீட்டர் வெச்சுப் பாத்துட்டுக் குடுங்க” என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து என் கடையை விட்டு எந்தப் பெட்டியும் முகப்பு யுஎஸ்பியை மல்டிமீட்டரில் அளக்காமல் வெளியே போனதில்லை. பயனில்லாமல் போன ஒரு பழைய யுஎஸ்பி கேபிளை வெட்டி நுனி சீவி வைத்திருக்கிறேன். அதைச் செருகி, சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே 5 வோல்ட் நேராகக் காட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றது. என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பையன்களுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

முகப்பு ஆடியோ இன்னொரு விதம். அது எதையும் எரிக்காது, சத்தம் மட்டும் வராது. இன்டெல் கொண்டுவந்த பழைய ஏசி 97 முறையில் பாட்டு முதலில் முகப்பு ஜாக் வரை போகும், அங்கே ஹெட்போன் இல்லை என்றால் திரும்பிப் பின்னால் இருக்கும் ஸ்பீக்கருக்கு வரும். போய் வர இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் கம்பி. முகப்பைப் பூட்டாவிட்டால் பின்களின்மேல் இரண்டு ஜம்பர் போட்டு வழியை மூடிவிட வேண்டும், யாராவது அதைப் பிடுங்கிவிட்டால் பின்பக்கமும் ஊமை. 2004இல் வந்த எச்டி ஆடியோவில் திரும்பும் பாதையே இல்லை. அதே வடிவப் பின்களில், திரும்பும் கம்பி இருந்த இடம், ஜாக்கில் ஏதாவது செருகியிருக்கிறதா என்று போர்டு தெரிந்துகொள்ளும் இடமாக மாறிவிட்டது. பழைய கேபினட்டின் பிளக்கை அப்படியே புதுப் போர்டில் அழுத்தினால் பொருந்தும், வேலைதான் செய்யாது. திரும்பும் இரண்டு கம்பியை ஊசியால் கழற்றி மடக்கி டேப் சுற்றி ஓரமாகக் கட்டிவிட்டு, மைக், கிரவுண்டு, வலது, இடது நான்கை மட்டும் கொடுக்க வேண்டும். பிறகு மெஷினுக்குள் போய், முகப்பு ஜாக்கைத் தேட வேண்டாம், இருக்கிறது என்று எடுத்துக்கொள் என்று சொல்லும் அமைப்பை மாற்ற வேண்டும். வடிவம் ஒன்றாக இருந்து பொருள் மாறிப்போன பிளக்தான் இந்தத் தொழிலில் ஆளை ஏமாற்றுவது.

அதைவிடக் கஷ்டம் பிராண்டட் பெட்டிகள். பெரிய அலுவலகம் ஒன்று ஏலத்தில் விட்ட இருபது பெட்டிகள் ஒருமுறை வந்தன. விளக்கும் சுவிட்சும் எல்லாம் ஒரே பிளக்கில், கம்பெனியின் சொந்த வரிசையில். எந்தப் பெயரும் எழுதியிருக்காது. முதல் பெட்டியில் பட்டனை அழுத்திக்கொண்டே மீட்டரில் எந்த இரண்டு துளை கத்துகிறது என்று தேடி, தாளில் படம் வரைந்து சுவரில் ஒட்டினேன். மீதிப் பத்தொன்பதும் ஒரே மதியத்தில் முடிந்தது. அந்தத் தாள் இன்னும் சுவரில் இருக்கிறது.

2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. வீட்டுக்கு ஒரு டெஸ்க்டாப் என்று வந்த கூட்டம் எங்கள் தெருவில் குறைந்தது. பிள்ளைகள் கையில் கம்ப்யூட்டர் போனதில் எனக்கு வருத்தமே கிடையாது, என் அக்கா மகளும் அதில்தான் படித்தாள். ஆனால் கேபினட்டைத் திறந்து பார்க்கிற பழக்கம் வீடுகளில் போனது உண்மை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நூற்றுக்கணக்கான பெட்டிகள் சேறும் தண்ணீருமாகத் தெருவுக்கு வந்தன. போர்டுகளில் பெரும்பாலானதைக் காப்பாற்ற முடியவில்லை. இரும்பைக் கழுவி மொட்டைமாடியில் காயவைத்து, பச்சை பூத்துப்போன கூடுகளை வெட்டிவிட்டுப் புதிய பெர்க் கூடு கிரிம்ப் செய்து மறுபடி பூட்டிக் கொடுத்தவை என் கணக்கில் நாற்பத்தொன்று.

பெரியவரின் பெட்டிக்கு வருகிறேன். பவர் விளக்கின் பிளக்கை ஒரு துளை சுருக்கினேன். பவர், ரீசெட், ஹார்டு டிஸ்க் அப்படியே ஏறின. யுஎஸ்பியின் எட்டு ஒற்றைக் கம்பிகளை வரிசையாக வைத்து ஸ்லீவ் போட்டு ஒரே கட்டாக்கி, மீட்டரில் பார்த்துச் செருகினேன். ஆடியோவின் இரண்டு கம்பியை மடக்கிக் கட்டினேன். ஸ்பீக்கருக்குப் போர்டில் நாலு பின் இருந்தது, 1981இலிருந்து அதே நாலு. பட்டனை அழுத்தியதும் ஒரு ‘பீப்’. பெரியவர் முகக்கவசத்துக்கு மேலே கண்ணால் சிரித்தார். முகப்பில் பச்சை விளக்கு, பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் எரிந்த அதே விளக்கு. சந்தனப் பொட்டைத் துடைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படியொரு பெட்டி இருக்கலாம். காயலான் கடைக்காரரிடம் கொடுத்தால் முதல் வேலையாக முகப்புக் கம்பிகளைக் கொத்தாக வெட்டித் தாமிரத்தைத் தனியே போடுவார். வீட்டில் கழற்றிப் பார்க்கிறவர்களும் போர்டைச் சீக்கிரம் எடுப்பதற்காகக் கம்பியை வெட்டிவிடுகிறார்கள். வெட்டாதீர்கள். ஒவ்வொரு பிளக்கையும் பிடித்து நேராக மேலே இழுத்தால் கழன்று வரும். ஸ்க்ரூக்களை ஒரு கவரில் போட்டு உள்ளேயே வைத்துக் கட்டிக் கொண்டுவாருங்கள். கம்பி முழுதாக இருந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.